பாயிண்ட்டு உனக்கு, வெட்டு எனக்காப்பா?

ஒரு வெசயம் கேக்கறனுங்க, நெஞ்சத் தொட்டு சொல்லுங்க. வெலை பேசி முடிச்சாச்சு, 18,500 ரூவான்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாச்சு, அதுக்கப்பறம் வாங்கறவன் அவன் சௌரியத்துக்கு கிரெடிட் கார்டுல போடறேங்கறான், அப்ப அந்தக் கார்டுக்கு போற சார்ஜு யாரு தலைல விடியோணும்? விக்கறவன் தலைலயாம். கேட்டா "அதாங்ணா மொறை"ன்னு எனக்கே பாடம் எடுக்கறான். எவன்டா வெச்ச மொறை அது?

நம்முளுது திருப்பூர்ல ஒரு சின்ன ஜாப்வொர்க் யூனிட்டு, கூலிக்கு தைச்சுக் குடுக்கறது. ஓவர்லாக் மெஷின் ஒண்ணு, துணி ஓரம் பிரியாம அடிக்கறது, நாலு நூலு, ஸ்டேண்டு டேபிளோட, ஆர்டர் இல்லாம சும்மா மூலைல கெடந்துச்சு, துருப்புடிச்சு போறதுக்கு முந்தி வித்துப்போடலாம்னு போட்டோ எடுத்து ஆன்லைன்ல போட்டேன். ராசிபுரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி பேசுனாப்ல, ஊட்டுலயே தைக்கறதுக்குன்னு. நல்லாத்தான் பேசுனாப்ல, ஏனுங்ணா என்னங்ணான்னு. வீடியோ கேட்டாப்ல, வேஸ்ட் துணிய வெச்சு ஓட்டிக் காட்டினேன். கீழ நூல் பின்னற லூப்பர் பக்கம் சத்தம் வருதான்னு கேக்கோணும்னாப்ல, மூடியத் தொறந்து போன உள்ள நீட்டி அதையுங் காட்டினேன், சட்டையெல்லாம் எண்ணெ. 20,000 சொன்னத இழுத்து இழுத்து 18,500ல கொண்டாந்து நிறுத்துனாப்ல. சரி போகுது, ஊட்டுல உக்காந்து நாலு காசு பாக்கறதுக்கு வாங்கறாப்லன்னு நானும் சரின்னுட்டேன்.

இதுவரைக்கும் ஒரு கொறையும் இல்லீங்க. காசு அனுப்பற எடத்துலதான் வந்துச்சு கெரகம்.

என்ற நம்பருக்கு ஜிபே பண்ணுங்க தம்பின்னேன். "போகமாட்டீங்குதுங்ணா"ன்னு ஸ்க்ரீன்ஷாட்டு வருது. என்னடான்னு பாத்தா, யுபிஐல ரூபே கிரெடிட் கார்ட லிங்க் பண்ணி வெச்சிருக்கறாப்ல. அது கடைக்காரன் கியூஆருக்குத்தான் போகும், ஆளுக்கு ஆளு அனுப்பற நம்பருக்கு போகாது, ரூலே அப்படித்தான். அப்ப சேவிங்ஸ் அக்கவுண்ட்ல இருந்து போடுங்கன்னா, "கார்டுல போட்டா 45 நாளு டைம் கெடைக்குதுங்ணா, பாயிண்ட்டும் ஏறும், உங்க கம்பெனிக்கு பேமெண்ட் லிங்க் இருக்குமில்லீங்ளா"ங்கறாப்ல. இருக்குது. ஆனா அதுல கார்டுக்கு 2 சதவீதம் புடிப்பான், அந்த 2 சதவீதத்துக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆகமொத்தம் 2.36. அந்த சார்ஜு உங்க பக்கம் தம்பின்னு வாட்சப்புல தெளிவா எழுதி அனுப்பிச்சேன். பதிலுக்கு ஒரு கட்டைவெரலு வந்துச்சு.

அந்தக் கட்டைவெரல நம்பித்தாங்க 18,947 ரூவாக்கு லிங்க் போட்டு உட்டேன். வந்துச்சு பாருங்க ஞாயம்! "18,500தான பேசுனோம், 447 எதுக்குங்ணா எச்சா?" சொன்னனே தம்பி, நீங்களும் கட்டைவெரல் போட்டீங்களேன்னா, அது படிச்சுட்டேன்னு அர்த்தமாம், ஒத்துக்கிட்டதா அர்த்தமில்லையாம். எகத்தாளத்த பாத்தீங்ளா?

அதோட உட்டாப்லயா? கால்குலேட்டரத் தட்டி, 18,500க்கு 2.36 சதவீதம் 436 ரூவா 60 காசுதான வருது, நீங்க 447 போட்டு அதுல பத்து ரூவா அடிக்கப் பாக்கறீங்கன்னுட்டாப்ல. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம்! பத்து ரூவா அடிச்சு நான் என்ன பங்களாவா கட்டப்போறேன்? அட தம்பி, பேமெண்ட் லிங்க் குடுக்கற கேட்வேக்காரன் 18,500க்கா சார்ஜு போடுவான், நீ கட்டற மொத்தத் தொகைக்கில்ல போடுவான், 18,936 ரூவா 60 காசு கட்டினா அதுல 446 ரூவா 90 காசு அவன் எடுத்துக்குவான், என்ற கைக்கு 18,489 ரூவா 70 காசுதான் வரும், 18,500 முழுசா வரோணும்னா 18,500ஐ 0.9764ஆல வகுக்கோணும், 18,947 வரும்னு வாய்ஸ் மெசேஜ் போட்டு வெளக்கறேன். ஒரு பழைய மெஷின விக்கறதுக்கு கணக்கு டியூசனும் எடுக்க வேண்டியிருக்குது. கேட்டுட்டு "அதெல்லாம் எனக்கு புரியலீங்ணா, பேசுன காசு 18,500"ங்கறாப்ல. 436.60 மட்டும் எப்படியப்பா புரிஞ்சுது உனக்கு?

சரி, இந்த 2 சதவீதம் எங்க போகுதுன்னு யாராச்சும் யோசிச்சீங்ளா? அதுல பெரும்பங்கு அந்தக் கார்டக் குடுத்த பேங்குக்கே போகுதுங்க, இன்டர்சேஞ்சுன்னு பேரு. அந்தக் காசுல இருந்துதான் பேங்க்காரன் பாயிண்ட்டு, கேஷ்பேக்கு, ஏர்போர்ட்டுல ஓசிச் சோறுன்னு எல்லாத்தையும் அள்ளி உடறான். 45 நாளைக்கு வட்டியில்லாம காசு சும்மா கெடக்குதே, அதுக்கும் ஒரு பங்கு அங்கிருந்துதான். அப்ப சார்ஜு நான் கட்டோணும்னா, அந்தத் தம்பிக்கு ஏறற பாயிண்ட்டு என்ற மெஷின் காசுல இருந்து போறதுதான? 1,500 கொறைச்சும் வாங்கி, அதுக்கு மேல பாயிண்ட்டும் நானே வாங்கிக் குடுக்கோணுமாக்கும்.

இதுல சட்டம் வேற பேசறானுங்க. "கார்டுக்கு கஸ்டமர் கிட்ட எச்சா வாங்கக்கூடாதுன்னு ஆர்பிஐ ரூல் இருக்குதுங்ணா." இருக்குது, யாரு இல்லேன்னா? 2017 டிசம்பர்ல வந்த சர்க்குலர், அது டெபிட் கார்டுக்கு, கடை வெச்சிருக்கற மெர்ச்சண்ட்டுக்கு. நீ நீட்டறது கிரெடிட் கார்டு, நான் விக்கறது என்ற மூலைல கெடந்த ஒத்தை மெஷினு. கடைக்காரன் அந்த ரெண்டு சதவீதத்த தாங்கறான்னா அவனுக்கு அதுல லாபம் இருக்குது, கார்டு வாங்கறான்னு நாலு பேரு எச்சா வருவாங்க, கையில காசில்லாதவனும் வாங்கிட்டுப் போவான். எனக்கென்ன வருது? நாளைக்கு இன்னொரு ஓவர்லாக் வாங்க நீ வரப்போறியா? நகைக்கடைல கார்டு தேச்சா 2 சதவீதம் எச்சாங்கறான், அங்க போயி இந்த ரூல் புக்க தொறந்து காட்டறதுதான? அங்க மூச்சு வராது.

ரயில் டிக்கெட்டு போடறோமே, ஐஆர்சிடிசில, ஏசி டிக்கெட்டுன்னா கன்வீனியன்ஸ் ஃபீஸ் 30 ரூவா, யுபிஐல போட்டா 20, அதுக்கும் ஜிஎஸ்டி தனி. டிக்கெட்ட கேன்சல் பண்ணினாலும் அந்தக் காசு திரும்பி வராது. எவனாச்சும் ரயில்வேக்கு போனப் போட்டு "பேசுன வெலைக்கு மேல எதுக்குங்ணா"ன்னு கேக்கறானா? பொத்திக்கிட்டு கட்டறோம். ஊர்ல ஒருத்தன் பழைய சாமான விக்கறான்னா மட்டும் இளிச்சவாயன்.

எனக்கு தெரிஞ்சு காசு அனுப்பற செலவு அனுப்பறவனுதுதாங்க. மணியார்டர் காலத்துல நூறு ரூவா அனுப்போணும்னா அஞ்சு ரூவா கமிஷன், அனுப்பறவன்தான் கவுண்டர்ல கட்டோணும். காலேஜ் ஃபீஸுக்கு பேங்க்ல டிடி எடுக்கறவன்தான் டிடி கமிஷன் கட்டுவான், காலேஜ்காரனா கட்டுவான்? வெளியூர் செக்கு அனுப்பினா கலெக்‌ஷன் சார்ஜ சேத்துப் போட்டு அனுப்புங்கன்னு பத்திரிகை சந்தா அறிவிப்புலயே போட்டிருப்பான். அப்பல்லாம் ஒருத்தனும் கேள்வி கேக்கலை. யுபிஐ வந்துச்சு, 2020 ஜனவரில இருந்து யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர், அதாவது கடைக்காரன் கிட்ட புடிக்கற சார்ஜு, கெடையாதுன்னு கவர்மெண்ட்டு போட்டுச்சு, அதோட நம்ம சனத்துக்கு மறந்தே போச்சு, காசு நகர்த்தறதுக்கும் ஒரு செலவு இருக்குதுங்கறது. அந்த யுபிஐயும் சும்மா ஓடலீங்க, சின்ன கடைங்கள்ல 2,000 ரூவா வரைக்கும் நடக்கற பேமெண்ட்டுக்கு பேங்குங்களுக்கு ஊக்கத்தொகை குடுக்கறதுக்குன்னு 2024-25க்கு மட்டும் 1,500 கோடி ஒதுக்குச்சு சென்ட்ரல் கவர்மெண்ட்டு. நம்ம வரிக்காசுதான், கண்ணுக்கு தெரியலை, அவ்வளவுதான். அதனால எவனாச்சும் 2 சதவீதம்னு வாயத் தொறந்தா திருடனப் பாக்கற மாதிரி பாக்கறானுங்க.

விக்கறவங்க எல்லாம் யோக்கியம்னு சொல்ல வரலீங்க. வெலையெல்லாம் பேசி முடிச்சு, வாங்கறவன் வண்டிக்கும் சொல்லிட்ட பொறவு "அப்பறம் ஒரு 3 பர்சண்ட் சார்ஜ் வரும்"னு மெதுவா இழுக்கறானுங்களே, அவனுங்கள தனியா வெச்சு மொத்தோணும். 2.36 ஆகறதுக்கு எதுக்குடா 3? ரவுண்டு பண்றேங்கற பேர்ல ஒரு திருட்டு. வெளிநாட்டுலயும் இதே ரோதனைதான் போல, அமெரிக்கா பக்கமெல்லாம் பேபால்ங்கற காசு அனுப்பற ஆப்புல ஃபீஸு உழுகக்கூடாதுன்னு, சொந்தபந்தத்துக்கு அனுப்பற மாதிரி ஃப்ரெண்ட்ஸ் அண்டு ஃபேமிலின்னு போட்டு அனுப்பச் சொல்லுவானுங்களாம் விக்கறவனுங்க. அப்படி அனுப்பினா சாமான் வராட்டி பேபால் காசு திருப்பித் தராது. மூணு சதவீதம் மிச்சம் புடிக்க முழுக்காசையும் அடமானம் வெக்கற வேலை. முன்னப்பின்ன தெரியாதவன் எந்த ஊருப்பா ஃபேமிலி?

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். காசில்லாம அனுப்ப வழி இருக்குது, ஜிபே இருக்குது, 2020ல இருந்து சேவிங்ஸ் அக்கவுண்ட்ல ஆன்லைன் நெஃப்ட்டுக்கும் சார்ஜு கெடையாது, நேர்ல வந்தா ரொக்கம் இருக்குது. அதையெல்லாம் உட்டுப்போட்டு காசு புடிக்கற வழிய எவன் தேர்ந்தெடுக்கறானோ அவன் கட்டோணும். நானே லிங்க்குலதான் கட்டோணும்னு புடிவாதம் புடிச்சா சார்ஜு என்ற பக்கம், ஒரு வார்த்தை பேசமாட்டேன். நம்மூரு லாரி புக்கிங் ஆபீஸ்ல பாருங்க, எத்தனை வருசமா ஓடுது, மூட்டைய எறக்குனதும் க்ளார்க்கு கேக்கற மொதக் கேள்வி "பெய்டா, டுபேயா?" அனுப்பறவன் கட்டறானா, எடுக்கறவன் கட்டறானா, எல்ஆர்லயே, அதான் லாரி ரசீதுலயே, எழுதிருவான், பொறவு ஒரு ஞாயம் கெடையாது. ஈரோட்டுப் பக்கம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மஞ்சள் கொண்டு போறாங்களே, அங்க 1 சதவீதம் சந்தைக் கட்டணம் வாங்கற யாவாரிதான் கட்டறான், வெவசாயி கிட்ட புடிக்கறதில்லை. தெளிவா எழுதி வெச்சிருக்கறதால சண்டையில்லை. இந்தப் பேமெண்ட் லிங்க்கு சனியனுக்கு மட்டும் பெய்டு டுபேன்னு ஒரு கட்டம் வெச்சுத் தொலைச்சா என்ன?

இன்னொண்ணு, இதை யாருமே பேசறதில்லை. கார்டுல வாங்குனா விக்கறவனுக்கு பயம் முடியறதே இல்லீங்க. மெஷின் போய்ச் சேந்து தைச்சுக்கிட்டு இருக்கையிலயே, "சொன்ன மாதிரி சாமான் இல்லை"ன்னு பேங்க்ல ஒரு கம்ப்ளைண்ட்டு போட்டா போதும், சார்ஜ்பேக்குன்னு நம்ம காச நிறுத்தி வெச்சிருவான், நாம வீடியோ, எல்ஆர் காப்பி, வாட்சப் சாட்டெல்லாம் தேடித் தேடி அனுப்பிக்கிட்டு உக்காந்திருக்கோணும். யாவாரம் வேண்டாம்னு நாமளே காசத் திருப்பிக் குடுத்தாலும் நம்ம கேட்வேக்காரன் புடிச்ச 2.36 புடிச்சதுதான், திரும்பாது. அதாவது மெஷினும் விக்காது, 447 ரூவாயும் போயிரும். இத்தனை ரிஸ்க்கும் என்ற பக்கம், பாதுகாப்பு பூராவும் வாங்கறவன் பக்கம், அந்தப் பாதுகாப்புக்கு காசும் நானே கட்டோணும்னா அது எந்த ஊரு ஞாயம்?

கடைசில நானும் சொல்லிப்போட்டேனுங்க, லிங்க் கிடையாது தம்பி, 18,500 ஜிபேல போட்டா மெஷின் இன்னைக்கே லாரில ஏறும், இல்லாட்டி பக்கத்து கம்பெனிக்காரர் கேட்டுக்கிட்டு இருக்கறாரு, அவருக்கு குடுத்தர்றேன்னு. சத்தியமா சொல்றேன், டீ குடிச்சு டம்ளர கீழ வெக்கறதுக்குள்ள டிங்குன்னு வந்து உழுந்துச்சு காசு. சேவிங்ஸ் அக்கவுண்ட்ல இருந்து. முழுசா. அப்ப இத்தனை நேரம் காசு அங்கதான் இருந்திருக்குது! இதுக்கா என்ற உசுர வாங்குன?

அனுப்பிச்ச கையோட அடுத்த மெசேஜு, "பார்சல் பெய்டுதானுங்ணா?"

டுபேன்னு பெரிசா எழுதச் சொல்லி எல்ஆர் காப்பிய போட்டோ புடிச்சு அனுப்பிச்சுப்போட்டேன். கட்டைவெரல் வந்திருக்குது.