கீமோ நடப்பதால்தான் நடக்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை நான் பூங்காவில் நடக்கும் படம் ஒன்றைப் போட்டேன். "நிஜமாவே கீமோவா? கீமோ நடக்கிறவங்க படுத்து ஓய்வெடுக்க வேண்டாமா?" என்று அதற்குக் கீழே வந்ததைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். எனக்காகச் சண்டை போட்டவர்களுக்கு நன்றி. பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று வீட்டுக்கு வந்த இன்னொருவரும் அதையே சிரித்துக்கொண்டு கேட்டார். "கீமோ நிஜமாவே ஓடுதா? எங்க வீட்ல பார்த்திருக்கோம், எழுந்து உட்காரவே முடியாது." சரி, எழுதியே விடுகிறேன்.

ஆமாம், நிஜமாகத்தான் ஓடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, சிவப்பு நிறக் கீமோ மருந்து நான்கு தடவை ஏறி, இப்போது வாராவாரம் பேக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து. 12-ல் 7 முடிந்திருக்கிறது. அந்தப் படத்தில் தொப்பிக்குக் கீழே முடி கிடையாது. இன்னும் என்ன காட்டவேண்டும், ஃபைலைப் படமெடுத்துப் போடவா? எனக்கு ஒன்றுமில்லை என்பதால் நான் நடக்கவில்லை. கீமோ நடப்பதால்தான் நடக்கிறேன்.

முதல் டோஸுக்குப் பிறகு நானும் எல்லாரும் சொன்னபடிதான் இருந்தேன். எட்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பல் தேய்த்துவிட்டு வந்தாலே மூச்சு வாங்கும். தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை அது, படுக்கப் படுக்கக் கூடுகிற அசதி. ஒன்பதாம் நாள் மாடிக்கு ஏறினேன். மொத்தமே 14 படி. ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டேன், மகள்தான் வந்து தூக்கினாள். அந்த வாரம் மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் பெண் சொன்னது ஒன்றே ஒன்று: "ஹால்ல இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவருக்கு நடங்கக்கா. அஞ்சு நிமிஷம். முடியலைன்னா மூணு. ஆனா ஒரு நாளைக்கு நாலு தடவை." அவ்வளவுதான். மூன்றாவது டோஸின்போது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்வந்தேன். இப்போது பூங்காவில் அரை மணி நேரம். கீமோ ஏறிய மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பத்து நிமிடம், அதுவும் வீட்டு வாசலில்.

இது நானாகக் கண்டுபிடித்த வீம்பு கிடையாது. சிகிச்சை நடக்கும்போதே நடைப்பயிற்சி மாதிரியான பயிற்சியையும் தசைக்கு வலு தரும் பயிற்சியையும் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2022-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. காரணமும் எளிமையானதுதான். படுத்தே கிடந்தால் தசை கரையும், இதயமும் நுரையீரலும் பழக்கம் விட்டுப்போகும். வாந்திக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கிற ஸ்டீராய்டு தன் பங்குக்குத் தசையைக் கரைக்கும். அப்புறம் நாற்காலியிலிருந்து எழுவதே மலையேற்றம் ஆகிவிடும். கீமோ தரும் அசதியைக் குறைக்க உடற்பயிற்சி அளவுக்கு நிரூபணமான வழிகள் ரொம்பக் குறைவு. தூக்கமும் வருகிறது. மனசும் கொஞ்சம் தெளிகிறது.

கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படத்தில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டிருப்பதையும் ஒருவர் விடவில்லை. ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டியை (நிணநீர் முடிச்சை) எடுத்த பக்கத்துக் கையால் எதையும் தூக்கக்கூடாது, வீங்கிவிடும் என்றுதான் ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. வீக்கம் முற்றித் தொந்தரவு கொடுத்ததுகூட அவர்களுக்குத்தான் குறைவு. என் வீட்டுச் சமையலறைச் சுவரில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. விரல்களைச் சுவரில் எறும்பு மாதிரி ஊரவிட்டு, கை எதுவரை போகிறதோ அங்கே ஒரு கோடு. முதல் கோடு என் தோளுக்கும் கீழே. இப்போதைய கோடு காலண்டர் ஆணியைத் தாண்டிவிட்டது. மகளுக்கு நான்கு வயதில் உயரம் குறித்த கோடும் அதே சுவரில்தான் இருக்கிறது.

"மயக்கம் வந்து விழுந்தால்?" என்று கேட்டவர்களுக்கு: நியாயமான கேள்வி. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் நடை கிடையாது, நேரே மருத்துவமனைதான். ரத்தத்தில் தட்டணுக்களோ ஹீமோகுளோபினோ ரொம்பக் குறைந்தால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. எலும்புக்குப் பரவியவர்களுக்குப் பயிற்சியே வேறு, அதைத் தெரிந்தவர்கள்தான் சொல்லித்தர வேண்டும். இந்த மருந்தில் பாதம் மரத்துப்போகும். ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறேன். அதிலிருந்து ஷூதான். கூட்டமில்லாத பக்கமாகத்தான் நடக்கிறேன், ஜிம் பக்கம் போவதே இல்லை. இவ்வளவும் என் டாக்டருக்குத் தெரியும்.

"எல்லாராலும் முடியுமா?" முடியாது. முடியாத நாளில் என்னாலும் முடியாது. எல்லாரும் நடங்கள் என்று நான் எங்கே எழுதினேன்?

"உங்க நல்லதுக்குத்தானே சொன்னாங்க" என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மூன்றாவது டோஸ் முடிந்த நான்காம் நாள், பார்க்க வந்த ஆறு பேருக்கு நின்றுகொண்டு காபி கலந்தேன். சாம்பாரும் வைத்தேன். அன்றைக்கு ஒருவர்கூட "நீ போய்ப் படும்மா" என்று சொல்லவில்லை. அடுப்படியில் நின்றால் தாங்குகிற உடம்பு பூங்காவில் நடந்தால் மட்டும் தாங்காதா? சமைத்தால் "பரவாயில்லையே, தெம்பா இருக்கா". எனக்காக அரை மணி நேரம் நடந்தால் "நிஜமாவே கீமோவா?" நான் பார்க்க நோயாளியாகத் தெரிந்தால்தான் உங்களுக்கு நிம்மதி என்றால், அந்த நிம்மதியை என்னால் தர முடியாது.

நடந்தால் கேன்சர் போய்விடும் என்று நான் சொன்னதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். சொல்லவே இல்லை. கேன்சருக்குச் சிகிச்சைதான் மருந்து, நடை அதற்குத் துணை. ஆனால் ஒன்று சொல்கிறேன். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2025 ஜூனில் வந்தது. மூன்று ஆண்டுகள் முறையான உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில், எட்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 90 சதவீதம். ஆலோசனைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 83. அதைப் படித்த அன்று இரவு நான் தூங்கவில்லை.

அப்பாவுக்கும் பெருங்குடலில்தான். 1999. கீமோ நடந்த மாதங்களில் தினமும் சாயங்காலம் கேட்பார், "தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்ட்டு வரேன்மா." நாங்கள் விடவில்லை. அத்தை அதட்டுவாள், அம்மா அழுவாள், நான் அவருடைய செருப்பை எடுத்துப் பரணில் போட்டேன். நான்தான் போட்டேன். கடைசியில் அவர் தொடை என் கைப்பிடிக்குள் அடங்கியது. நடந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை, அது யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் டீக்கடை வரை போயிருக்கலாம். கடைக்காரர் பாய் அவருக்காகக் காத்திருந்திருக்கிறார், பிறகுதான் சொன்னார்.

அதனால் என்னிடம் "படு" என்று சொல்லாதீர்கள். நாளைக்கு ரத்தப் பரிசோதனை, எண்ணிக்கை சரியாக இருந்தால் வியாழக்கிழமை எட்டாவது டோஸ். இன்று ஐந்தரை மணிக்கு வெயில் தாழ்ந்ததும் பூங்காவில் இருப்பேன். என்னைப் பார்க்க வருகிறவர்கள் அங்கே வாருங்கள், பேசிக்கொண்டே நடக்கலாம்.