விபத்துப் பாட்டில் அந்த ஒரு வரி

இப்போதெல்லாம் எங்காவது வெள்ளம் வந்தாலோ, பாலம் இடிந்தாலோ, தண்ணீர் வடிவதற்குள் யூடியூபில் பாட்டு வந்துவிடுகிறது. வரட்டும். அழுகை வந்தால் பாட்டு வரும், அதை யாரும் தடுக்க முடியாது. நம் ஊர்ச் சந்தைகளில் ஒரு காலத்தில் சிந்தும் கும்மியுமாகப் பாடிக்கொண்டே சில்லறைக் காசுக்குப் புத்தகம் விற்றவர்கள் செய்ததும் இதைத்தான். எனக்குச் சண்டை ஒரே ஒரு வரியோடுதான். "இதனால்தான் இது நடந்தது" என்று காரணம் சொல்லும் வரி. எழுதுபவருக்கு அது எதுகை மோனைக்குள் அடங்கும் ஒரு வரி. செத்தவன் வீட்டுக்கு அது தீர்ப்பு.

இதைப் பேச, 1975இல் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. அது மூழ்கியதைப் பற்றிய பாட்டை எழுதிப் பாடியவர் கனடாவின் கோர்டன் லைட்ஃபுட். 1976இல் வெளிவந்தது. ஆறரை நிமிடம், பல்லவி கிடையாது, சரணத்துக்கு மேல் சரணமாக ஒரே மெட்டு அலைபோலத் திரும்பத் திரும்ப வரும். வானொலியில் பெரும்பாலும் மூன்று, நான்கு நிமிடப் பாட்டுகளே ஓடிய காலத்தில், அமெரிக்கத் தரவரிசையில் இது இரண்டாம் இடம் வரை ஏறியது. கனடாவில் முதலிடம்.

முதலில் கப்பல். 729 அடி நீளம். 1975 நவம்பர் 9 பிற்பகல், விஸ்கான்சின் மாநிலத்தின் சுப்பீரியர் துறைமுகத்திலிருந்து 26,116 டன் டாக்கனைட் இரும்புத்தாது உருண்டைகளோடு கிளம்பியது. போக வேண்டிய இடம் டெட்ராய்ட் அருகே உள்ள ஸுக் தீவு. மறுநாள் சுப்பீரியர் ஏரியில் புயல். ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைக்க வேண்டாம். அன்று அங்கே எழுந்த அலை 25 அடி, சில அதற்கும் மேல். மாலை மூன்றரை மணி வாக்கில் கேப்டன் மெக்சோர்லி, பின்னால் வந்துகொண்டிருந்த ஆர்தர் எம். ஆண்டர்சன் கப்பலுக்கு ரேடியோவில் சொல்கிறார்: தளத்துக் கம்பிவேலி சாய்ந்துவிட்டது, இரண்டு காற்றுக்குழாய் மூடிகள் போய்விட்டன, கப்பல் ஒரு பக்கம் சரிகிறது, பம்புகள் ஓடுகின்றன. அடுத்து ரேடார்களும் போயின. அந்த நேரம் பார்த்து ஒயிட்ஃபிஷ் முனைக் கலங்கரை விளக்கமும் அதன் ரேடியோ வழிகாட்டியும் வேலை செய்யவில்லை. இரவு 7.10 வாக்கில் ஆண்டர்சன் கேட்டதற்கு, சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் ஒரு பதில் வந்தது. சில நிமிடங்களில் ஆண்டர்சனின் ரேடார் திரையிலிருந்து புள்ளி மறைந்தது. உதவி கேட்டு அழைப்பே வரவில்லை. 29 பேர். ஒருவரும் தப்பவில்லை. கரைக்கு ஒரு உடல்கூட வரவில்லை. அந்த ஆழத்துக் குளிரில் உடலுக்குள் வாயு உண்டாவதில்லை, அதனால் மேலே மிதந்து வருவதும் இல்லை. இறந்தவர்களை ஏரி திருப்பித் தராது என்று பாட்டில் வருவது வெறும் கவித்துவம் இல்லை. அதற்குப் பின்னால் இந்த விஷயம் இருக்கிறது.

லைட்ஃபுட்டுக்குச் செய்தி கிடைத்தது நியூஸ்வீக் பத்திரிகைக் கட்டுரையிலிருந்து. அதில் கப்பல் பெயரையே தப்பாக அச்சடித்திருந்தார்கள். இத்தனை பேர் போயிருக்கிறார்கள், பெயரைக்கூட ஒழுங்காகப் போடவில்லையே என்று அவருக்குக் கோபம். அதனால் முடிந்தவரை சரியாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தவரே எங்கெங்கே சறுக்கினார் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

26,116 என்பதைப் பாட்டில் 26,000 என்று போட்டார். ஒரு குற்றமும் இல்லை. மெட்டுக்கு முழு எண்தான் உட்காரும். கப்பல் கிளீவ்லண்டுக்குப் போகிறது என்று எழுதினார். தவறு, ஆனால் யாருக்கும் வலிக்காத தவறு. கப்பலின் சமையல்காரர் பேசுவதாக ஒரு இடம் வருகிறது. உயிரோடு ஒருவரும் மிஞ்சாத கப்பலில் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்குத் தெரியும்? கற்பனைதான். ஆனால் அந்த மனிதரை அது கௌரவமாகத்தான் நிறுத்துகிறது. இதை நான் ஏற்றுக்கொள்வேன்.

டெட்ராய்ட்டில் மாலுமிகளுக்கென்றே ஒரு தேவாலயம் இருக்கிறது. செய்தி வந்த காலையில் பாதிரியார் மணியை 29 தடவை அடித்தார். பாட்டில் அந்த மண்டபத்தைப் பூஞ்சை வாடை அடிக்கும் பழைய கூடம் என்கிற மாதிரி ஒரு சொல்லைப் போட்டுவிட்டார் லைட்ஃபுட். பிறகு அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர், எங்கள் கோயில் அப்படி இல்லையே என்று சொல்ல, மேடையில் பாடும்போது அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டார். சின்ன விஷயம். ஆனால் மாற்றினார்.

இனி அந்த வரி. இரவு ஏழு மணிக்குச் சரக்கு அறையின் முக்கிய மூடி ஒன்று உள்வாங்கிவிட்டது என்று பாட்டு சொல்கிறது.

இதன் கனம் புரிய வேண்டுமானால் அந்தத் தளத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கப்பலில் 21 ஹேட்ச், அதாவது சரக்குக் கொட்டும் வாய்கள். ஒவ்வொன்றும் 11 அடிக்கு 48 அடி. மேலே 5/16 அங்குல இரும்புத் தகட்டு மூடி. ஒவ்வொரு மூடியையும் சுற்றி 68 கிளாம்ப், அதாவது மூடியை இறுக்கிப் பிடிக்கும் பூட்டுகள். அதாவது மொத்தம் 1,428. ஒவ்வொன்றையும் ஆள் கையால் பூட்ட வேண்டும். பூட்டுவது யார்? கேப்டன் இல்லை, கம்பெனி முதலாளி இல்லை. தள வேலையாட்கள், பலர் இளைஞர்கள். ஆக, மூடி உள்வாங்கியது என்று ஒருவர் பாடினால், கேட்கிற காதில் அது "பையன்கள் சரியாகப் பூட்டவில்லை" என்றுதான் விழும். அந்தப் பையனின் அம்மா காதிலும் அப்படித்தான் விழுந்திருக்கும்.

பாட்டு வந்தது 1976 ஆகஸ்ட். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கை வந்தது 1977 ஜூலை. அறிக்கைக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்பே காரணம் வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால் அறிக்கையும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது: மூடிகள் நீர் புகாதபடி இறுகவில்லை, அலை தளத்தின் மேல் ஏறி ஓடும்போது தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று. ஏரியடியில் எடுத்த படங்களில் பெரும்பாலான கிளாம்புகள் சேதமில்லாமல் இருந்தன; பூட்டியிருந்தால் வளைந்திருக்குமே என்பது அவர்கள் வாதம். ஏரிக் கப்பல் உரிமையாளர் சங்கம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கரிபூ தீவுக்குப் பக்கத்தில் ஆழம் குறைந்த பாறைத்திட்டில் அடி தட்டியிருக்கும், அதனால்தான் மூன்றரை மணிக்கே கப்பல் சரிய ஆரம்பித்தது என்றார்கள். 1978இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அறிக்கை தந்தது. மூடி அலையின் பாரத்தில் இடிந்திருக்கும் என்றது பெரும்பான்மை. ஓர் உறுப்பினர் மட்டும் பாறைத்திட்டு வாதத்தோடு நின்றார். கப்பல் 530 அடி ஆழத்தில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது, முன்பாகம் நிமிர்ந்தபடி, பின்பாகம் கவிழ்ந்தபடி. இன்றுவரை விவாதம் ஓயவில்லை.

இதில் பலர் பேசாத ஒரு கணக்கும் இருக்கிறது. 1969, 71, 73 என்று மூன்று தடவை விதியைத் தளர்த்தி, அந்தக் கப்பலின் தளம் நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்ற அளவை மொத்தம் 3 அடி 3¼ அங்குலம் குறைத்திருந்தார்கள். கூடுதல் சரக்கு ஏற்றலாம், தளம் தண்ணீருக்கு அவ்வளவு கிட்டே இறங்கும். இதைப் பாட்டில் வைத்தால் மெட்டில் உட்காராது. மூடி உட்காரும். காரணம் சொல்லும் வரியின் கோளாறே இதுதான். கண்ணுக்குத் தெரிகிற, ஒரே மூச்சில் பாடக்கூடிய காரணம் மட்டுமே அதில் ஏறும். அலுவலகத்தில் உட்கார்ந்து அளவைக் குறைத்தவன் எந்தப் பாட்டிலும் வருவதில்லை.

2010இல் கனடாவின் ஒரு ஆவணப்படக் குழு, ராட்சத அலைதான் காரணமாக இருக்கலாம், ஆட்களின் கவனக்குறைவுக்கு ஆதாரம் இல்லை என்று வாதிட்டது. லைட்ஃபுட் அதைப் பார்த்துவிட்டு மேடையில் அந்த வரியை எடுத்துவிட்டார். ஏழு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது என்று மாற்றிப் பாடினார். கவனியுங்கள், நவம்பரில் அந்தப் பக்கம் சூரியன் மாலை ஐந்து மணி வாக்கிலேயே விழுந்துவிடும். ஏழு மணிக்குப் புதிதாக இருட்டுவதற்கு ஒன்றுமில்லை. புதிய வரியும் தப்புதான்! ஆனால் சூரியன் மானநஷ்ட வழக்குப் போடப்போவதில்லை. ஒருவர் மேல் பழி விழக்கூடிய ஊகத்தைவிட, யார் மேலும் விழாத ஒரு பிழையே மேல் என்று அவர் முடிவெடுத்தார். 34 வருடம் ஓடி, உலகமே மனப்பாடம் செய்துவிட்ட பாட்டில், அதுவும் எழுபதைத் தாண்டிய வயதில். எத்தனை பேர் செய்வார்கள்?

தொழில்நுட்பமாக அது அவருக்குச் சுலபமாகவும் அமைந்தது. அந்த இடத்தில் இயைபு விழுவது அடுத்த பாதியில், சமையல்காரரின் பேச்சில். மாற்ற வேண்டிய சொற்கள் இயைபுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. அசைக்கணக்கு சரியாக இருந்தால் போதும். எழுதுபவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம்: சந்தேகமான தகவலை எதுகை, இயைபு விழும் சொல்லில் கட்டி வைக்காதீர்கள். நாளைக்கு அறிக்கை வேறு மாதிரி வந்தால் முழுச் சரணத்தையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிர் கதை கேசி ஜோன்ஸ் என்ற அமெரிக்க ரயில் டிரைவரின் பாட்டு. 1900 ஏப்ரல் 30 அதிகாலை, மிசிசிப்பியின் வான் என்ற இடத்தில், முன்னால் தடத்தை அடைத்து நின்ற சரக்கு ரயிலின் வாலில் இவருடைய பயணிகள் ரயில் மோதியது. கூட இருந்த ஃபயர்மேனை, அதாவது எஞ்சினுக்குக் கரி போடுபவரை, குதிக்கச் சொல்லிவிட்டு இவர் பிரேக்கோடு நின்றார். இறந்தது இவர் ஒருவர்தான். ரயில் கம்பெனி அறிக்கை பழியை இவர் மேலேயே போட்டது, எச்சரிக்கை சிக்னலைக் கவனிக்கவில்லை என்று. வாலஸ் சாண்டர்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி, கான்ட்டன் ஊர் ஷெட்டில் எஞ்சின் துடைப்பவர், நண்பனுக்காகப் பாட்டுக் கட்டினார். பிறகு அது நாடக மேடைக்காரர்கள் கைக்குப் போய், 1909இல் அச்சாகி வந்தபோது, அழும் பிள்ளைகளிடம் "உங்களுக்கு இன்னொரு அப்பா இருக்கிறார்" என்று மனைவி சொல்வதாக ஒரு வேடிக்கை வரி சேர்ந்திருந்தது. கூட்டம் சிரித்தது. அந்த அம்மாள் வாழ்நாள் முழுக்க அந்த வரியை மறுத்துக்கொண்டே இருந்தார். யாரும் திருத்தவில்லை.

வர்ஜீனியாவின் டான்வில்லில் 1903 செப்டம்பரில் பாலத்திலிருந்து விழுந்த 97ஆம் எண் தபால் ரயிலின் பாட்டு இன்னொரு ரகம். 11 பேர் இறந்தார்கள். டிரைவர் வேகமாக ஓட்டினார் என்றது கம்பெனி. ஆனால் பாட்டு எங்கே தொடங்குகிறது பாருங்கள்: மன்றோ நிலையத்தில் அவர் கையில் உத்தரவு தருகிறார்கள், வண்டி தாமதம், ஸ்பென்சருக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று. தாமதத்துக்கு அபராதம் கட்ட வேண்டிய தபால் ஒப்பந்தம் அது. இந்த ஒரு சரணத்துக்காக அந்தப் பாட்டை நான் மன்னிப்பேன். கடைசியில், பெண்களே, புருஷனிடம் கடுஞ்சொல் பேசாதீர்கள், அவர் திரும்பி வராமல் போகலாம் என்று ஒரு உபதேசம் ஒட்டியிருக்கிறார்கள். ரயில் கவிழ்ந்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ! 1924இல் வெர்னான் டால்ஹார்ட் பாடிய இசைத்தட்டு 10 லட்சத்துக்கு மேல் விற்றது. பிறகு எழுதியது யார் என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு.

காரணத்தைத் தொடாமலே நிற்கும் பாட்டுகளும் உண்டு. அமெரிக்க ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் வெள்ளப் பாட்டு 1927 பிப்ரவரியில் பதிவானது. மிசிசிப்பிப் பெருவெள்ளத்தில் மவுண்ட்ஸ் லேண்டிங் கரை உடைந்ததோ ஏப்ரலில்தான். முந்தைய கிறிஸ்துமஸ் சமயத்தில் நாஷ்வில்லில் வந்த வெள்ளம்தான் அதற்கு மூலம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பாட்டில் எந்த ஆற்றின் பெயரும் கிடையாது. வீட்டு வாசலுக்குப் படகு வருகிறது, மேட்டில் ஏறி நின்று தன் வீட்டைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அதனால் மிசிசிப்பிக்காரர்கள் தங்கள் பாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

நம் பாரதி செய்ததும் இந்த வகைதான். புதுச்சேரியில் இருந்தபோது, 1916 புயலுக்கு, நள வருஷம் கார்த்திகை 8, புதன் இரவு என்று தலைப்பிலேயே தேதி போட்டார், நிருபர் மாதிரி. உள்ளே ஒரு கணவனும் மனைவியும் பேசுவது மட்டும். "காற்றடிக்குது, கடல் குமுறுது, கண்ணை விழிப்பாய் நாயகனே" என்று ஆரம்பிக்கிறது. யார் பாவம் செய்ததால் புயல் வந்தது என்ற ஆராய்ச்சி இல்லை.

அதற்காக யாரையுமே குற்றம் சொல்லாமல் மொழுமொழுவென்று எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. அணையை எப்போது திறந்தார்கள், எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது என்பதெல்லாம் பாட்டில் வர வேண்டியவைதான். நேரம், உத்தரவு, அளவு, பெயர்ப்பலகை இவற்றைப் பாடுங்கள்; அவை பதிவேட்டில் இருக்கின்றன, 97ஆம் ரயில் பாட்டு போல அவையே கேள்வி கேட்கும். "கேட்டை மூட மறந்தான்", "தூங்கிவிட்டான்" என்று கடைசிப் படியில் நின்ற கூலிக்காரன் தலையில் முடிக்கிற வரியை மட்டும், விசாரணை முடியும்வரை எழுதாமல் விடுங்கள். முடிந்த பிறகும் இரண்டு தடவை யோசியுங்கள்.

லைட்ஃபுட் 2023 மே மாதம் இறந்தார். டெட்ராய்ட் தேவாலயத்தில், அந்த 29 பேருக்கும் அவருக்குமாக, 30 தடவை மணி அடித்தார்கள். 1976 ஒலிப்பதிவில் மூடி வரி அப்படியேதான் இருக்கிறது. அவர் மாற்றியது மேடையில் மட்டும். அதனால் இன்று கிடாரை எடுத்து இதைப் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் தட்டில் கேட்ட பழைய வரியையே பாடுகிறார்கள். நண்பர்கள் யாராவது இந்தப் பாட்டை மேடையில் பாடுவதாக இருந்தால், 2010க்குப் பிந்தைய கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு, அவர் மாற்றிய வரியைப் பாடுங்கள். அசை சரியாகவே உட்காரும்.