பலூன் சிகிச்சை எல்லாச் சைனசுக்கும் பொருந்தாது

"பலூன் வைத்தால் சைனஸ் ஒரே நாளில் நிரந்தரமாகத் தீரும், மூக்குச் சதையும் கரையும், ஸ்கேன் தேவையில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. கீழக்கரையில் சங்கு குளிப்பவர்கள் இதை நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

பலூனை உள்ளே விட்டுவைப்பதில்லை. மெல்லிய கம்பியின் வழியே சைனஸின் (மூக்கைச் சுற்றி எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறையின்) அடைபட்ட வாய்க்குள் செலுத்தி, சில நொடிகள் விரித்து, வழியை அகலப்படுத்திய பின் வெளியே எடுத்துவிடுகிறார்கள். கன்னம், நெற்றி, மூக்கின் பின்புறம் ஆகிய இடங்களிலுள்ள சைனஸ்களுக்கு இது உதவும். ஆனால் கண்களுக்கிடையே தேன்கூடுபோல் சிறு அறைகளாகப் பிரிந்திருக்கும் எத்மாய்டு சைனஸ்களுக்குப் பயன்படாது, மூக்குச் சதையையும் அகற்றாது. ஒவ்வாமையால் வரும் தும்மலும் நீர் வடிதலும் இதனால் நிற்பதில்லை. அறிகுறிகளோடு சிடி ஸ்கேனிலும் நோய் தெரியாதவருக்கு இச்சிகிச்சை கூடாது என்பதே 2018இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் வெளியிட்ட ஒருமித்த நிலைப்பாடு. வழக்கமாக உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும்தான் முதலில் வரும்.

ஆழத்தில் இறங்கும்போது நெற்றியில் குத்தும் வலியோ மூக்கில் ரத்தமோ கண்டவர்கள், அடைபட்ட சைனஸுக்குள் அழுத்தம் சமப்படாததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதால், சங்கு குளிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சைக்குப் பின் மீண்டும் எப்போது இறங்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.