டக்டேல்ஸும் தாய்மாமனும்

பழைய கார்ட்டூன்களைத் தூசிதட்டி மறுபடி எடுப்பதெல்லாம் காசு பார்க்கிற வேலை என்று ஒரு கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். டிஸ்னியின் வாத்துக் கார்ட்டூன் தொடரான டக்டேல்ஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் அதை இந்தியில் பார்த்த கூட்டம் நாங்கள். பாம்பனில் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. ஆன்டெனா கொஞ்சம் திரும்பினால் இலங்கை ரூபவாஹினி வந்துவிடும், அந்தச் சிங்களமும் புரியாது. பணக்காரக் கிழ வாத்து ஸ்க்ரூஜ் காசுக் குவியலில் குதித்து நீந்தினால் போதும் எங்களுக்கு.

2017இல் வந்த புதுத் தொடரை மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். 1987இல் வந்த பழைய தொடரில் ஸ்க்ரூஜோடு இருக்கும் மூன்று வாத்துப் பையன்களுக்கும் சட்டை நிறம்தான் வித்தியாசம், குரல்கூட ருஸ்ஸி டெய்லர் ஒருவரே. இதில் ஆளுக்கொரு குணம், ஆளுக்கொரு குரல். பழையதில் பொம்மையும் கையுமாகத் திரிந்த குட்டிப்பெண் வெப்பி, இதில் கொக்கிக் கயிறு வீசி ஏறுகிறாள்!

ஆனால் என்னை உலுக்கியது அந்தப் பையன்களின் தாய்மாமன் டொனால்டுதான். பழையதில் கடற்படைக்குப் போய்விடுவான். இதில் படகு வீட்டில் இருந்துகொண்டு, ராக்கெட்டில் போய்த் திரும்பாத உடன்பிறந்தவளின் பிள்ளைகளை வளர்க்கிறான். எதற்கெடுத்தாலும் பயம், எதற்கும் தடை. எங்கள் பக்கம் கடலுக்குப் போன அப்பா கரை திரும்பாத வீடுகளில் தாய்மாமன்மார் இப்படித்தான். பையன் வல்லத்தைத் தொட்டாலே சத்தம் போடுவார்கள். அந்த ராக்கெட்டைக் கட்டிய ஸ்க்ரூஜோடு டொனால்டு 10 வருடம் பேசாமல் இருந்ததில் என்ன தப்பு?

2021இல் மூன்றே சீசனோடு முடித்துவிட்டார்கள். நடிகர் டேவிட் டெனன்ட் குரலில் ஸ்க்ரூஜ் இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம். மகள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள், கடைசிவரை பார்த்தது நான்தான்.