தடுப்பாட்டக்காரரும் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்திருக்கிறார்

காட்பாடிப் பள்ளிப் பிள்ளைகளின் ஹாக்கி பற்றிய பேச்சில், ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டக்காரர் யாருமே என்ஹெச்எல் (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) வீரர்களின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்ததில்லை என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை, அண்ணா. பாஸ்டன் ப்ரூயின்ஸ் அணியின் பாபி ஓர் (Bobby Orr) என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு முறை பிடித்திருக்கிறார்.

அங்கே கோல் அடித்தால் ஒரு புள்ளி, கோலுக்குப் பந்து கொடுத்தாலும் ஒரு புள்ளி (பந்து என்பது அங்கே 'பக்' எனும் ரப்பர் வட்டு). 1969-70 பருவத்தில் பாபி ஓர், 33 கோல் அடித்து, 87 கோல்களுக்கு உதவி, 120 புள்ளி எடுத்தார். இரண்டாமிடம் அதே அணியின் முன்வரிசை வீரர் ஃபில் எஸ்போசிட்டோ, 99 புள்ளி. எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள்! 1974-75இல் மறுபடியும் பாபி ஓர்தான் முதலிடம், 135 புள்ளி. அவரைத் தவிர வேறு எந்தத் தடுப்பாட்டக்காரரும் இதைச் செய்ததில்லை என்பதும் உண்மை. அண்ணனின் கணக்கு அந்த ஒருவரில்தான் தவறுகிறது.

சரிபார்ப்பது சுலபம். என்ஹெச்எல் இணையதளத்தின் புள்ளிவிவரப் பக்கத்தில் அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுத்து, புள்ளி வரிசையில் அடுக்குங்கள். இல்லையென்றால் ஆர்ட் ராஸ் கோப்பை வென்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். முதல் புள்ளிக்காரருக்குத் தருவது அந்தக் கோப்பைதான்.

பின்வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், அதனால்தான் எழுதினேன்.