குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தால் பிள்ளையைப் பறித்துவிடுவார்களா?

"வறுமை என்று 1098-க்குச் சொன்னால் பிள்ளையைக் காப்பகத்தில் போட்டுவிடுவார்கள்" என்றொரு குரல்பதிவு குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் சுற்றுகிறது. இது தவறு. மடியில் முறத்தோடு பொழுதெல்லாம் பீடி சுற்றும் தாய் இதை நம்பினால், கிடைக்க வேண்டிய உதவியும் கைநழுவிப் போகும்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி காப்பகம் கடைசி வழி மட்டுமே. ஆபத்து இருந்தால் பிள்ளையைப் பிரிப்பதுண்டு. அதைக் குழந்தைகள் நலக்குழு விசாரித்து முடிவு செய்யும். வறுமை மட்டும் அதற்குக் காரணமாகாது.

"காப்பகத்தில்தான் பிள்ளை நன்றாக வளரும்" என்றும் அந்தப் பதிவு சேர்த்துச் சொல்கிறது. இதுதான் பெரிய பொய். ருமேனியாவின் புக்கரெஸ்டில் காப்பகக் குழந்தைகள் 136 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அவர்களின் அறிவுத்திறன் மற்றவர்களைவிட உயர்ந்தது. 2 வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களுக்கே பலன் மிகுதி. இத்தனை தெளிவான சான்று இருக்கும்போது தாய்மார்களை இப்படி மிரட்டுவது கொடுமை.

கணவரை இழந்த தாய், பெற்றோரில்லாப் பேரனை வளர்க்கும் பாட்டி போன்றோருக்கு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம்.