கேட்டது ரத்தம், கிடைத்தது கசாயம்

போன ஐப்பசி மழையில் அப்பாவுக்கு டெங்கு. பிளேட்லெட் சரசரவென்று இறங்கி, ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்ததும் பிளேட்லெட் ஏற்ற வேண்டும், பி நெகட்டிவ் ஆள் இருந்தால் வரச்சொல்லுங்கள் என்றார்கள். வார்டு வாசலில் நின்றபடியே பதிவு போட்டேன். மூன்றே வரி. ரத்த வகை, ஊர், என் போன் நம்பர்.

அரை மணி நேரத்தில் நாற்பது கமெண்ட். போன் அதிரும்போதெல்லாம் ரத்தம் கொடுக்க ஆள் கிடைத்துவிட்டது என்று பதறி எடுத்தால் பப்பாளி இலைச்சாறு. அடுத்தது நிலவேம்புக் கசாயம். அதற்கடுத்து, பப்பாளியா நிலவேம்பா என்று முன்பின் தெரியாத இரண்டு பேர் என் பதிவிலேயே சண்டை. "பிளேட்லெட் ஏத்துறதே பிசினஸ் சார், டிஸ்சார்ஜ் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார் ஒருவர். உடம்பு வலிக்கு ஐபுபுரூஃபன் போடச் சொன்னார் இன்னொருவர். டெங்குவில் ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் கூடவே கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும், பாராசிட்டமால் மட்டும்தான் என்று நர்ஸம்மா அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்திருப்பேனா? பயத்தில் கொடுத்திருப்பேன்.

கடைசியில் ரத்தம் கொடுத்த பையன் கமெண்டே போடவில்லை. நேராக போன் அடித்து, "அண்ணா, சாப்பிட்டுட்டு வரணுமா, வெறும் வயித்துல வரணுமா?" என்று மட்டும் கேட்டான்.

அந்த நாற்பது பேரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் எதிரே நின்றிருந்தால் பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு டீ வாங்கிவரப் போயிருப்பார்கள். (அங்கேயும் விடாத பெரியப்பாக்கள் உண்டு, அது தனிக்கதை.)

நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கூடப் படித்த தோழி, பிறந்து பத்து நாளான குழந்தையின் படத்தைப் போட்டிருந்தாள். "ரொம்ப மெலிஞ்சிருக்கே, பால் பத்தலையோ?" என்று எழுதினேன், அக்கறையாம். முதல் சில நாளில் குழந்தைக்கு எடை குறையும், பிறந்தபோது இருந்த எடைக்குத் திரும்பவே இரண்டு வாரம்கூட ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சாயங்காலம் படம் காணாமல் போயிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லடா" என்றாள். அதற்குப் பிறகு அவள் குழந்தை படம் எதையும் நான் பார்க்கவில்லை, போடுவதில்லையா, எனக்கு மட்டும் மறைத்திருக்கிறாளா தெரியாது.

கேட்காமல் சொல்லவேண்டிய நேரமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஓடிபி மோசடியில் பணம் போச்சு என்று ஒருவர் புலம்பினால், சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு உடனே அடியுங்கள், பேங்கில் சொல்லி கார்டை முடக்குங்கள் என்று சொல்லியே ஆகவேண்டும். "ஓடிபியை யாராவது சொல்வாங்களா?" என்பதை அவரே அன்று நூறு தடவை தன்னிடம் கேட்டிருப்பார், நாம் வேறு கேட்க வேண்டாம். மற்றபடி எதுவானாலும் இன்பாக்ஸில் போய் "ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம். பதில் வரவில்லையா, சரி என்று விட்டுவிடலாம்.

அப்பா இப்போது நலம். நேற்று யாரோ ஒருவருடைய காய்ச்சல் பதிவின் கீழே, "பப்பாளி இலையை அரைத்துக் கொடுங்கள், கைகண்ட மருந்து" என்று எழுதியிருக்கிறார். ஒரு சொட்டு குடித்ததில்லை மனுஷன்.